துடைக்காத நாட்கள்

மே 29

"தொடைச்சியா?"

இன்றைக்கும் போனில் வந்த முதல் வார்த்தை இதுதான். கடைசி வார்த்தையும் இதுதான். துடைத்தேன் என்றேன். வைத்துவிட்டார். சாப்பிட்டாயா, அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, ஒன்றும் கிடையாது. கட்டின பெண்டாட்டியிடம் பேசுகிற லட்சணம் இது. யாரிடமாவது கத்தவேண்டும் போலிருந்தது. ஆள் கிடைக்கவில்லை. மில் அலமாரியில் கேட்பாரில்லாமல் கிடந்த இந்த டைரியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

துடைக்கவேண்டியது இரண்டு கண்ணாடிகள். தென்காசிப் பக்கம் பூலாங்கரையில் சொர்ணத்தாய் அக்காவின் புழுங்கல் அரிசி மில் மொட்டைமாடியில் இரண்டு கருவிகள் வைத்திருக்கிறோம். ஒன்று கண்ணாடிக் குமிழ். வானத்தில் எந்தப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து அளந்து சொல்லிவிடும். இன்னொன்று குழாய். அது காலையிலிருந்து சாயங்காலம்வரை சூரியனையே பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கும். சூரியனிலிருந்து நேராக வருகிற கதிரை மட்டும்தான் அளக்கும். எங்களுக்கு வேண்டியது இந்தக் குழாயின் அளவு. நாங்கள் இங்கே நிறுத்தப்போகும் பெரிய குழிவான கண்ணாடித் தட்டுகளால் நேர்க்கதிரை மட்டுமே குவிக்கமுடியும். குவித்தால்தான் தண்ணீர் கொதிக்கும், நீராவி வரும், நெல் அவியும். குழாயின் முனைக் கண்ணாடியில் தூசி படிந்தால் அளவு குறைந்துவிடும். அதனால் தினமும் காலையில் ஏறித் துடைக்கவேண்டும்.

எம்.டெக். படித்துவிட்டு இதைச் செய்கிறேன். கம்பெனி என்னவோ இருவர் பெயரிலும்தான் இருக்கிறது. ஆனால் முனைவர் நந்தகோபால் கோயம்புத்தூரில் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவார். அவர் பெண்டாட்டி இங்கே மாடியேறித் துடைப்பாள்.

ஜூன் 3

சொர்ணத்தாய் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு மில்லைத் தனியாளாக நடத்துகிறார். வாய் கொஞ்சம் அதிகம். எனக்குப் பிடித்திருக்கிறது. இன்றைக்கு பாய்லர் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். உமியை அள்ளிப் போட்டு எரிக்கிற பழைய பாய்லர். இசக்கிமுத்து அண்ணன்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் தட்டுகளை நிறுத்த மில்லில் வேறு இடமில்லை. பாய்லரை அறுத்தெடுத்து, கொட்டகையை இடித்து, புகைபோக்கியையும் இறக்கினால்தான் நிழல் விழாத இடம் கிடைக்கும். ஆடி பிறந்துவிட்டால் அக்கா புதிதாக எதிலும் கை வைக்கமாட்டாராம். ஆனி முடிவதற்குள் அறுத்துவிடவேண்டும் என்று கேஸ் கட்டர் ஆளிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.

ஒருநாள் ஆவி வரவில்லையென்றால் என்ன ஆகும் என்று சும்மாதான் கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊறப்போட்ட நெல்லு காத்துக் கெடக்காதும்மா. நேரத்துக்கு அவிக்கலன்னா நாத்தம் எடுத்துரும். நாறுன அரிசிய ஒருக்கா வாங்குனவன் மறுக்கா இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்கமாட்டான்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அறுத்த பாய்லரை ஒட்டவைக்க முடியாது.

ஜூன் 9

இன்று எங்கள் கல்யாண நாள். போன் வந்தது. கண்ணாடி எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

ஜூன் 14

சாரல் வந்து பத்து நாளாகிறது. மேற்கே மலைப்பக்கமிருந்து மேகம் கிளம்பிக் கிளம்பி வருகிறது. ஐந்து நிமிஷம் பளிச்சென்று வெயில், பத்து நிமிஷம் மந்தாரம், பிறகு ஒரு தூறல், மறுபடி வெயில். கண்ணாடிக் குமிழின் அளவு பரவாயில்லை. குழாயின் அளவு விழுவதும் எழுவதுமாகக் கிடக்கிறது, பாதிநேரம் பூஜ்யத்தில் படுத்துவிடுகிறது. இந்த லட்சணத்தில் ஒரு தட்டுக்கூடச் சூடேறாது. ஏறுவதற்குள் அடுத்த மேகம் வந்துவிடும்.

நந்தகோபாலின் கணக்கு வேறு கதை சொல்கிறது. செயற்கைக்கோள் படத்தை வைத்து அவர் டாக்டர் பட்டத்துக்காகப் போட்ட கணக்கு அது. அதற்கு 'மாடல்' என்று பெயர். பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அளவு சொல்லும். எங்கள் கட்டத்தில் மலையடிவாரமும் இருக்கிறது, கிழக்கே சாரல் எட்டிப்பார்க்காத பொட்டல்காடும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்து, 'நல்ல வெயில்' என்று சொல்லிவிடுகிறது. அந்த மாடலைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அது அவருக்கு மூத்த தாரம். நான் பிறகு வந்தவள்தானே.

மாடியில் துணி எடுக்க வந்த அக்கா, கண் கூசுகிறது, துணி காய்கிறது, இது வெயில் இல்லாமல் என்னவாம் என்று கேட்டார். உங்கள் நிழல் எங்கே என்று கேட்டேன். தரையைப் பார்த்தார். நிழல் இல்லை.  நிழல் விழாத வெளிச்சம் எங்கள் தட்டுக்கு உதவாது என்று சொல்ல வாயெடுத்தேன். அளவையெல்லாம் சேர்த்து அறிக்கை வரும்வரை வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று நந்தகோபால் கிளம்பும்போதே என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். முழுங்கிவிட்டேன். என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

ஜூன் 20

போனில் ஒரே புகார், அளவு குறைவாக வருகிறதாம். வயரைப் பார் என்றார், பார்த்தேன். குழாய் சூரியனை நேராகப் பார்க்கிறதா என்றார், பார்த்தேன். காற்றில் ஆடுகிறதா என்றார், அதையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, மலையைத்தான் கொஞ்சம் தள்ளிவைக்கவேண்டும் என்று செய்தி அனுப்பினேன். 

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மகளுக்குச் சீர். வேலை இருக்கிறது, வரமுடியாது என்று சொல்லிவிட்டேன். நான் துடைத்துவைக்கிறேன், போய்வாருங்கள் என்று இசக்கிமுத்து அண்ணன் சொல்லத்தான் செய்தார். தினமும் காலையில் எனக்கு வாளித் தண்ணீர் தூக்கிவந்து கொடுக்கிறவர், துடைக்கத் தெரியாதவரில்லை. வேண்டாம் என்றுவிட்டேன். வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஜூன் 27

சாரல். மூன்று தடவை ஏறித் துடைத்தேன். முழங்கால் கழன்றுவிட்டது.

ஜூலை 4

நடுராத்திரி ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதாமல் விடமாட்டேன்.

முனைவர் இன்றைக்கு மில்லுக்கு எழுந்தருளினார். இஸ்திரி கலையாத சட்டை, கூடவே வண்டியில் ஒரு கண்ணாடித் தட்டு. வாடிக்கையாளருக்குச் சோதனை காட்டுவதற்காம். அதை முற்றத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அக்காவின் ஆபீஸ் அறையில் மடிக்கணினியைத் திறந்தார். திரையில் இரண்டு கோடுகள். சிவப்பு அவருடைய மாடல் சொன்னது. நீலம் நாங்கள் இங்கே அளந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு போயின. அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

 தினமும் நான் பார்த்த நீலம் தரையோடு தரையாகக் கிடந்தது. சாரல் நாட்களெல்லாம் எங்கே என்று அக்கா முன்னாலேயே கேட்டேன்.

"அந்த அளவெல்லாம் எடுத்துட்டோம் திலகா" என்று சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "கண்ணாடி தொடைக்காத நாளுங்க அது. அந்த எடத்துல எங்க மாடல் சொல்ற அளவைப் போட்டு நிரப்பியிருக்கறோம். இது எப்பவும் செய்யறதுதானுங்க."

கருவி பழுதாகி நாலைந்து நாள் அளவு விட்டுப்போனால் மாடலை வைத்து நிரப்புவார்கள், உண்மைதான். இவர் செய்தது அதுவா? மாடலோடு ஒத்துப்போகாத நாட்களை எல்லாம் பொறுக்கித் தூக்கி எறிந்திருக்கிறார். அந்த இடத்தில் மாடலின் எண்களையே போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, பாருங்கள், அளவும் மாடலும் எப்படி ஒத்துப்போகின்றன என்கிறார். தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, தானே நூறு மார்க் போட்டுக்கொண்டு வந்து ஊரெல்லாம் மிட்டாய் கொடுக்கிற மாதிரி.

அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஒரு மாதமாக என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், வேலைக்கு வந்துவிட்டுத் திருட்டுத்தனமாகத் தூங்கியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் அங்கேயே கத்தியிருக்கவேண்டும். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? 

காரில் ஏறப்போனவரை மறித்துக்கொண்டேன். ஒருநாள் விடாமல் துடைத்தேன் என்றேன்.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"நீ தொடைச்சேன்னு எனக்குத் தெரியாதா? அந்த நாளை எல்லாம் எடுக்கறதுக்கு ஒரு காரணம் சொல்லோணும். வேற என்னத்தச் சொல்றது?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமில்லை, வெட்கமில்லை. கடையில் உப்பு இல்லை, சர்க்கரை இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி சொன்னார். வேலை முடிந்தது, ஏறு, வீட்டுக்குப் போகலாம் என்றார். கருவிகளைக் கழற்றவேண்டும், நான் வரவில்லை என்றேன். சரி என்று போய்விட்டார். இரண்டாவது தடவை கூப்பிடவில்லை.

ஜூலை 5

கருவிகளைக் கழற்றவில்லை. காலையில் ஏறித் துடைத்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கீழே வந்தபோது அக்கா இசக்கிமுத்து அண்ணனிடம் என் காதுபடவே பேசிக்கொண்டிருந்தார். மேலே ஏறிப்போய்க் காற்று வாங்கிவிட்டு இறங்கியிருக்கிறாள், நாமும் இன்ஜினியர் இன்ஜினியர் என்று தூக்கி வைத்து ஆடினோம் என்றார். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார், நீ பாய்லரைப் பார் என்று அக்கா அடக்கிவிட்டார். அவர் வேலையும் இந்த ஆனியோடு போகிறது. அவர் பேச்சை யார் கேட்பார்கள்?

ஜூலை 7

வாக்காவது மண்ணாவது என்று எல்லாவற்றையும் அக்காவிடம் போட்டு உடைத்துவிட்டேன். சாரல் நாட்களை எடுத்தது, மாடலை இட்டு நிரப்பியது, நான் தினமும் துடைத்தது, அது தனக்குத் தெரியும் என்று அவரே காருக்குப் பக்கத்தில் நின்று சொன்னது, எல்லாம். பாய்லரை அறுக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

அக்கா கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "புருசன் பொண்டாட்டி சண்டைய ஒங்க வீட்டுல வச்சிக்கிடுங்க. என் மில்லுல வச்சி நடத்தாதிய" என்றார்.

எப்படி நம்புவார்? துடைக்காதவள் என்று பெயர் வாங்கினவள், துடைத்தேன் என்றால் யார்தான் நம்புவார்கள்? அந்த மனுஷன் ஒரே வார்த்தையில் என் அளவையும் கெடுத்தார், என் வாயையும் அடைத்தார். 

நான் விடவில்லை. என் பேச்சும் வேண்டாம், அவர் பேச்சும் வேண்டாம், முற்றத்தில் நிற்கிற தட்டில் ஒரு அண்டா நெல்லை வைத்து நீங்களே அவித்துப் பாருங்கள் என்றேன். அக்கா யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்றார்.

ஜூலை 12

இந்த ஊர் சூரியனும் அவருக்குச் சொந்தக்காரன்தான் போலிருக்கிறது.

ஐந்து வாரமாகக் கண்ணாமூச்சி ஆடிய வெயில் இன்றைக்கு விடிந்ததிலிருந்து சுட்டெரித்தது. மலையில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தட்டு பளபளவென்று நின்றது. அண்டா பொங்கியது. நெல் பூப்பூவாக வாய்பிளந்து அவிந்தது. மில் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஊரே சந்தோஷமாக இருந்தது. வெயில் அடிக்கிறதே என்று அங்கே வயிற்றெரிச்சல் பட்டவள் நான் ஒருத்திதான்.

அக்கா அவிந்த நெல்லை விரலால் நசுக்கிப் பார்த்தார். "நல்லாத்தான அவிஞ்சிருக்கு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

ஜூலை 13

இன்று சாரல். இன்றைக்கு வந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? மறுபடி ஒரு அண்டா வைத்துப் பாருங்கள் என்றேன். ஒருக்கா பார்த்தாகிவிட்டது, போதும் என்றார் அக்கா. இப்போதெல்லாம் என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுகிறார்.

ஜூலை 15

நாளையோடு ஆனி முடிகிறது.

காலையிலேயே கேஸ் கட்டர் வண்டி வந்துவிட்டது. இரண்டு சிலிண்டர், இரண்டு ஆட்கள். பாய்லருக்குக் கடைசியாக ஒரு மாலை போட்டிருந்தார்கள். அக்கா சூடம் கொளுத்தினார். இசக்கிமுத்து அண்ணன் ஒதுங்கி நின்று பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். மாலை போட்ட பாய்லரைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. உண்மையைச் சொன்னால் இங்கே யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஆகிவிட்டது. அவர்கள் என்னைப்பற்றி எதை நம்புகிறார்களோ அதுதான் என் கையில் மிச்சம் இருந்தது.

நேரே போய் அக்கா முன்னால் நின்றேன்.

"அக்கா, நான் கண்ணாடி தொடைக்கலீங்க" என்றேன்.

"அதான் ஒம் புருசனே சொல்லிட்டாரே."

"அவருக்குத் தெரிஞ்சது கொஞ்ச நாள்தானுங்க. வந்ததுல இருந்து ஒரு நாளும் நான் தொடைக்கல. மேல போய் உக்காந்துட்டு எறங்கிருவேன்."

அக்கா சூடத்தட்டைக் கீழே வைத்தார். "அப்பம் நல்ல வெயிலுன்னு கோடு போட்ட நாளு?"

"அதுவும் தொடைக்காத நாளுதான்."

"அப்பம் எத நம்பி நான் பாய்லர அறுக்கது?"

"எதையும் நம்ப முடியாதுங்க. இங்க யாரும் அளக்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க."

படித்தவன் எவனாவது பக்கத்தில் நின்றிருந்தால், அழுக்குக் கண்ணாடி குறைத்துத்தானே காட்டும், நிஜ வெயில் இன்னும் அதிகமாகத்தானே இருக்கும் என்று கேட்டு என்னை மடக்கியிருப்பான். யாரும் இல்லை. இசக்கிமுத்து அண்ணன் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். எத்தனை நாள் தண்ணீர் தூக்கிக் கொடுத்தார், அவருக்குத் தெரியாதா? பீடியைக் கீழே போட்டு மிதித்தார். பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா பிடித்துக்கொண்டார். ரெண்டு கண்ணாடியைத் துடைக்க வலித்ததா என்று கேட்டார், தின்ற சோறு செரித்ததா என்று கேட்டார், இன்னும் எழுதமுடியாததெல்லாம் கேட்டார். மில் ஆட்கள் அத்தனை பேரும் நின்று பார்த்தார்கள். வாங்கிக்கொண்டேன். என் அம்மாகூட என்னை அப்படிப் பேசியதில்லை. கேட்கக் கேட்க, நான் துடைத்தேன், நான் துடைத்தேன் என்று தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் கட்டர் ஆட்களைப் போகச் சொன்னார். "ஆடி கழியட்டும். எவன் கோடும் எனக்கு வேண்டாம். எசக்கி, இந்த ஆடி முழுக்க அந்தத் தட்டுல தெனம் ஒரு அண்டா வையி. என் கண்ணால பாத்துட்டு நான் முடிவு பண்ணிக்கிடுதேன்" என்றார்.

எனக்கு அது போதும். ஆடிச் சாரலில் முப்பது அண்டா வைத்தால் அக்காவுக்கு எந்த இன்ஜினியரும் பாடம் எடுக்கவேண்டாம்.

விடிந்ததும் மில்லில் எனக்குக் கொடுத்த அறையைக் காலி செய்யவேண்டும் என்று உத்தரவு.

ஜூலை 16

தென்காசியில் ஒரு லாட்ஜில் இருக்கிறேன். கோயம்புத்தூர் பஸ் நிற்கிற இடம் எதிரிலேயேதான் இருக்கிறது. கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது, அதனால் ஏறவில்லை.

மத்தியானம் போன் வந்தது. விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. உனக்குப் பைத்தியமா, கம்பெனி பெயரே நாறிவிட்டது என்று குதித்தார். அழுக்கு இருந்தால் குறைவாகத்தான் காட்டும் என்று அந்தம்மாவுக்கு எடுத்துச் சொல்லு என்றார். நீங்களே சொல்லிப் பாருங்கள் என்றேன்.

சொல்லிப் பார்த்திருக்கிறார். துடைக்காத கண்ணாடி சொல்லுகிற கணக்கு கூடினாலும் வேண்டாம், குறைந்தாலும் வேண்டாம் என்று அக்கா வைத்துவிட்டாராம். சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நீ தெனமும் தொடைச்சேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிரு திலகா."

"நான் சொன்னா நம்பமாட்டாங்க" என்றேன். "நீங்க வந்து சொல்லுங்க. இவ தொடைச்சா, தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்னு அவங்க மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

 போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை. நான் துடைத்தேன் என்று அவர் சொன்னால் சாரல் நாட்கள் அத்தனையும் கணக்கில் ஏறும், மாடல் படுத்துவிடும். சொல்லாவிட்டால் அளவே இல்லை. இரண்டையும் அவர் மனதுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இங்கே கேட்டது. கணக்கில் கெட்டிக்காரர்தான்.

விளையாடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 17

ஆடி ஒன்று. விடியும்போதே சாரல். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வருகிற பஸ்கள் இரண்டும் வந்து ஆட்களை இறக்கிவிட்டன. அவர் பஸ்ஸிலும் வரவில்லை, காரிலும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். ஆடி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. எனக்கும் இங்கே உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேலை ஒன்றும் இல்லை.